ஸ்மார்ட்டிரைவ்: டாஸில் கம்பைலர் ஓட்டுபவருக்கு ஒத்துவருமா?

எம்எஸ்-டாஸ் 6.2, 6.22 இரண்டோடும் வருகிற ஸ்மார்ட்டிரைவ் டிஸ்க் கேச்சை (டிஸ்க்கில் படித்ததை மெமரியில் வைத்திருந்து, மறுபடி கேட்டால் வேகமாகத் தரும் புரோகிராம்), கம்பைலர் (நாம் எழுதும் சோர்ஸை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றுவது) ஓட்டுபவரின் கண்ணோடு மட்டும் பார்க்கும் மதிப்புரை இது. கேம் ஆடுபவருக்கும் கடிதம் அடிப்பவருக்கும் இதே கேச் வேறு மாதிரி நடந்துகொள்ளும். 386 அல்லது 486 கணினி, 2 முதல் 16 எம்பி வரை மெமரி, ஒரு ஐடிஇ ஹார்ட் டிஸ்க், அதில் டர்போ சி++ 3.0, போர்லண்ட் சி++ 3.1, டிஜேஜிபிபி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. இப்படிப்பட்ட பழைய கணினியை இன்னும் ஆசையாக ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதியது. தமிழ்நாட்டுக் கல்லூரி லேப்களில் பலரும் சி கற்றுக்கொண்ட அந்த நீலத் திரை டர்போ சி++ இதில் முக்கியப் பாத்திரம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பதற்கான கேச் என்ற வகையில் ஸ்மார்ட்டிரைவ் அருமையானது. எழுதுவதைத் தள்ளிப்போடும் ரைட் கேச்சை மட்டும் புரோகிராம் எழுதுகிற கணினியில் இயக்கவே கூடாது. கேச்சின் அளவையும் அதன் போக்கில் விடாமல், நாமே எண் கொடுத்துக் கட்டுப்படுத்த வேண்டும். இந்த இரண்டையும் சரியாகச் செய்துவிட்டால், கேச்சும் கம்பைலரும் மோதிக்கொள்வதாகச் சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை தலைகாட்டாது.

படிக்கும் பக்கம்

டர்போ சி++ 3.0-இல், லார்ஜ் மாடலில், ஒரு சின்ன சி புரோகிராமைக் கட்டளை வரியிலிருந்து கம்பைல் செய்யும்போது நடப்பதைப் பாருங்கள். கட்டளை வரிக் கம்பைலரான டிசிசி டிஸ்க்கிலிருந்து ஏறுகிறது. எஸ்டிடிஐஓ, கோனியோ என்று ஹெடர் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கிறது. ஆப்ஜெக்ட் ஃபைலை எழுதிவிட்டு, அதை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்கரான டிலிங்க்கை அழைக்கிறது. டிலிங்க் ஏறி, தொடக்க ஆப்ஜெக்டான சி0எல்-ஐப் படித்து, ஈமு, மேத்எல், சிஎல் ஆகிய லைப்ரரிகளில் வேண்டியதைத் தேடி எடுக்கிறது. சோர்ஸில் விட்டுப்போன ஒரே ஒரு செமிகோலனைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தாலும் அத்தனையையும் முதலிலிருந்து படித்தாக வேண்டும். மாறியது நம் சோர்ஸ் ஃபைல் மட்டும்தான். மற்றதெல்லாம் போன தடவை படித்ததே. கேச்சுக்கு இதைவிடத் தோதான வேலை கிடைக்காது. முதல் தடவை ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது தடவை ஆப்ஜெக்டும் எக்ஸிகியூட்டபிளும் எழுதும் நேரத்தில் மட்டும் எரியும்.

கம்பைலரில் ப்ரீகம்பைல்டு ஹெடர் வசதியை (ஒருமுறை அலசிய ஹெடர்களைச் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்துவது) இயக்கியிருந்தால் இந்த லாபம் இன்னும் கூடும். டர்போ சி++ அதற்காக வைத்துக்கொள்ளும் ‘டிசிடெஃப்.சிம்’ ஃபைல் பெரிதாக வளரும். ஒவ்வொரு கம்பைலுக்கும் அதைப் படிக்க வேண்டும் என்பதால், கேச் இல்லாத கணினியில் இந்த வசதி எதிர்பார்த்த அளவு பலன் தராது.

கேச் இருக்கும்போது, டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ்ஸில் பஃபர்ஸ் எண்ணைக் குறைத்துவிடுங்கள். 40, 50 என்று வைத்திருப்பது கேச் இல்லாத காலத்துப் பழக்கம். ஒவ்வொரு பஃபரும் அரை கேபிக்குச் சற்று அதிகமாகத் தின்னும். ஸ்மார்ட்டிரைவோடு 10 தாராளம்.

டிஜேஜிபிபி கதை வேறு. இது ஜிசிசி என்ற இலவச கம்பைலரின் டாஸ் வடிவம். ‘ஜிசிசி’ என்று நாம் தட்டும் கட்டளை வெறும் மேஸ்திரி. அது சிபிபி, சிசி1, ஏஎஸ், எல்டி என்று நான்கு புரோகிராம்களை அடுத்தடுத்து டிஸ்க்கிலிருந்து ஏற்றுகிறது. இதில் உண்மையான கம்பைலரான சிசி1 மட்டுமே 1 எம்பிக்கு மேல். இங்கேதான் கேச்சின் அளவு தீர்மானமான விஷயமாகிறது. பழசை வெளியே தள்ளிப் புதுசுக்கு இடம் தருவதுதான் கேச்சின் வழக்கம். 1 எம்பி கேச்சில் 1 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலைத் தலையிலிருந்து வால்வரை படித்தால், வால் உள்ளே வரும்போது தலை வெளியே போய்விடும். அடுத்த தடவை தலையைத் தேடினால் அது கேச்சில் இருக்காது. அதைப் படிக்கும்போது நடுப்பகுதி வெளியேறும். ஹெடர்களும் கூடவே அடித்துச் செல்லப்படும். கேச் இருந்தும் இல்லாத நிலைதான். அதே கணினியில் அளவை 2 எம்பி ஆக்கினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஊகித்துக்கொண்டிருக்காமல் அளந்து பார்க்க வழி இருக்கிறது. ஸ்மார்ட்டிரைவை ‘/ஆர்’ சுவிட்சோடு ஓட்டினால் கேச்சைக் காலி செய்து புதிதாகத் தொடங்கும். ஒரு தடவை கம்பைல் செய்யுங்கள். ‘/எஸ்’ சுவிட்சோடு ஓட்டி, ஹிட் எத்தனை, மிஸ் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். எதையும் மாற்றாமல் இரண்டாம் முறை கம்பைல் செய்து மறுபடி ‘/எஸ்’ பாருங்கள். மிஸ் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே நின்று ஹிட் மட்டும் ஏறியிருந்தால் கேச் போதும். மிஸ்ஸும் முதல் தடவை ஏறிய அளவுக்கே ஏறியிருந்தால் கேச் சிறியது. ஒன்று பெரிதாக்க வேண்டும், அல்லது நன்றாகக் குறைத்து அந்த மெமரியைக் கம்பைலருக்கே தர வேண்டும். நடுவில் அரைகுறையாக வைத்திருப்பதில் பயனில்லை.

எழுதும் பக்கம்

1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் 6.0-இல் ஸ்மார்ட்டிரைவின் ரைட் கேச் தானாகவே இயங்கியது. புரோகிராம் ஃபைலை எழுதியதும் ‘எழுதியாயிற்று’ என்று சொல்லிவிட்டு, உண்மையில் டிஸ்க்கில் எழுதுவதை அதிகபட்சம் 5 செகண்ட் வரை தள்ளிப்போடும். அடுத்த கட்டளையைக் கேட்கும் ப்ராம்ப்ட் வந்துவிட்டதே என்று பவரை அணைத்தவர்களின் ஃபைல்கள் கெட்டுப்போயின. அதே ஆண்டின் இறுதியில் வந்த 6.2-இல் மைக்ரோசாஃப்ட் இரண்டு மாற்றங்களைச் செய்தது. செட்டப், பூட் ஆகும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் ஸ்மார்ட்டிரைவ் வரிக்குப் பின்னால் ‘/எக்ஸ்’ சேர்த்து, ரைட் கேச்சை நிறுத்தி வைத்தது. ரைட் கேச்சை யாராவது இயக்கினாலும், எழுத வேண்டியதை எல்லாம் எழுதி முடித்த பிறகே ப்ராம்ப்ட் திரும்பி வரும்படி செய்தது.

இரண்டாவது மாற்றத்தை நம்பித்தான் பலர் ‘6.2-இல் ரைட் கேச் பாதுகாப்பானது’ என்று சொல்கிறார்கள். கம்பைலர் ஓட்டுபவருக்கு இது பொருந்தாது. காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அந்தப் பாதுகாப்பு ப்ராம்ப்ட் திரும்பும் நேரத்தில்தான் வேலை செய்கிறது. டர்போ சி++ ஐடிஇக்குள் (எடிட்டரும் கம்பைலரும் சேர்ந்த அந்த நீலத் திரை; ஐடிஇ ஹார்ட் டிஸ்க் வேறு) கண்ட்ரோல்-எஃப்9 அழுத்தினால் ப்ராம்ப்ட்டுக்குப் போவதே இல்லை. ஐடிஇ சோர்ஸைச் சேமிக்கிறது, கம்பைல் செய்கிறது, லிங்க் செய்கிறது, அப்படியே நம் புரோகிராமை ஓட்டிவிடுகிறது. ஆப்ஷன்ஸ் மெனுவில் ஆட்டோ சேவ் இயக்கியிருந்தால், ஓடுவதற்கு முன் சோர்ஸ் சேமிக்கப்பட்டுவிட்டது என்று நாம் நிம்மதியாக இருப்போம். ரைட் கேச் இயங்கினால் அந்தச் சேமிப்பு மெமரிக்குள்தான் இருக்கிறது, டிஸ்க்கில் இல்லை.

இப்போது அந்தப் புரோகிராமில் ஒரு பாயிண்டர் பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லார்ஜ் மாடலில், மதிப்பு தரப்படாமல் பூஜ்ய முகவரியைக் (நல்) காட்டும் ஒரு ஃபார் பாயிண்டர் வழியாக லூப் போட்டு எழுதுகிறது. அந்த முகவரி 0000:0000. டைமர், கீபோர்டு போன்றவை கூப்பிட்டால் பிராசசர் எங்கே போக வேண்டும் என்ற பட்டியலான இன்டரப்ட் வெக்டர் டேபிள் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு வெக்டருக்கும் 4 பைட். முதல் 32 பைட் தாண்டியதும் டைமர் இன்டரப்டின் வெக்டர் அழிகிறது. 36-ஆவது பைட்டில் தொடங்கும் கீபோர்டு வெக்டர் அடுத்துப் போகிறது. 76-இல் இருப்பது டிஸ்க் இன்டரப்ட். டைமர் ஒரு செகண்டுக்கு 18 முறைக்கு மேல் அடிக்கும். அதாவது 55 மில்லிசெகண்டுக்குள் அடுத்த அடி விழும். விழுந்ததும் பிராசசர் குப்பை முகவரிக்குத் தாவி, கணினி நின்றுவிடும். கேச் கேட்ட 5 செகண்ட் அவகாசம் எங்கே, இந்த 55 மில்லிசெகண்ட் எங்கே! கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அழுத்தினால் ஸ்மார்ட்டிரைவ் மிச்சத்தை எழுதிவிட்டுத்தான் ரீபூட் ஆகவிடும். ஆனால் கீபோர்டு வெக்டரே போன பிறகு அந்த மூன்று விசைகளை யார் கேட்பது? ரீசெட் பட்டன் ஒன்றுதான் வழி. அதை அழுத்தியதும் கேச்சில் இருந்த சோர்ஸ் போய்விடும்.

புது சோர்ஸ் மட்டும் போனால் பரவாயில்லை, மறுபடி தட்டிக்கொள்ளலாம். டேட்டா, எஃப்ஏடி (எந்த ஃபைல் டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை), டைரக்டரி மூன்றும் தனித்தனி இடங்களில் எழுதப்பட வேண்டியவை. ரைட் கேச் அவற்றை நாம் எழுதிய வரிசையிலேயே எழுதும் என்று எதிர்பார்க்க முடியாது. டைரக்டரி புதிது, எஃப்ஏடி பழையது என்ற நிலையில் கணினி நின்றால், சம்பந்தமே இல்லாத இன்னொரு ஃபைலும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். புரோகிராமரின் கணினிதான் ஒரு நாளைக்குப் பல முறை ஹேங் ஆவது. அதில் போய் ரைட் கேச்சை வைப்பதை எந்த வேகக் கணக்கும் நியாயப்படுத்தாது.

ஆகவே செய்ய வேண்டியது: ஆட்டோஎக்ஸெக்.பேட்டைத் திறந்து ஸ்மார்ட்டிரைவ் வரியில் ‘/எக்ஸ்’ இருக்கிறதா பாருங்கள். கையால் எழுதிய வரிகளில் பெரும்பாலும் இருக்காது. அது இல்லாவிட்டால் 6.2-இலும் ஹார்ட் டிஸ்க்குக்கு ரைட் கேச் இயங்கும். டிரைவ் எழுத்து கொடுக்கும் முறையும் உண்டு. வெறும் ‘சி’ என்றால் படிக்க மட்டும் கேச். ‘சி+’ என்றால் படிக்கவும் எழுதவும். ‘சி-’ என்றால் இரண்டும் இல்லை. பிறகு ஸ்மார்ட்டிரைவை வெறுமனே ஓட்டினால் டிரைவ் வாரியாக ஓர் அட்டவணை வரும். அதில் சி வரிசையில் ரீட் கேச் ‘யெஸ்’, ரைட் கேச் ‘நோ’ என்று இருந்தால் சரி.

வேறு வேலைக்காக ரைட் கேச் கட்டாயம் வேண்டும் என்பவர்கள், புரோகிராமை ஐடிஇக்குள்ளிருந்து ஓட்டாமல் பேட்ச் ஃபைல் வழியாக ஓட்டுங்கள். முதல் வரி கம்பைல் கட்டளை. இரண்டாவது, எர்ரர்லெவல் 1 என்றால் கடைசிக்குத் தாவும் வரி. மூன்றாவது ‘ஸ்மார்ட்டிரைவ் /சி’; கேச்சில் காத்திருக்கும் எல்லாவற்றையும் அது டிஸ்க்கில் எழுதிவிடும். நான்காவது வரிதான் நம் புரோகிராம். இதையே சி கோடிலிருந்தும் செய்யலாம்: ஏஎக்ஸில் ஹெக்ஸ் 4ஏ10, பிஎக்ஸில் 1 வைத்து இன்டரப்ட் ஹெக்ஸ் 2எஃப்-ஐ அழைத்தால் ஸ்மார்ட்டிரைவ் மிச்சத்தை எழுதிவிடும். ஆபத்தான சோதனைக்கு முந்தைய வரியில் இதைப் போட்டுவைப்பது நல்ல பழக்கம்.

ஹேங் ஆகி ரீசெட் செய்த பிறகு உடனே கம்பைலருக்குள் போகாதீர்கள். முதலில் ஸ்கேன்டிஸ்க். எஃப்ஏடி கோணலாக இருக்கும்போது ஒரு ஆப்ஜெக்ட் ஃபைலை எழுதினால், மீட்கக்கூடியதாக இருந்த கிளஸ்டர்மேல் அது உட்கார்ந்துவிடக்கூடும். தொலைந்த கிளஸ்டர்களை ரூட் டைரக்டரியில் ‘ஃபைல்0000.சிஹெச்கே’ என்ற மாதிரிப் பெயர்களில் சேமிக்கச் சொல்லுங்கள். சோர்ஸ் வெறும் டெக்ஸ்ட் என்பதால் எடிட்டரில் திறந்து தேடினால் பல நேரம் முழுசாகக் கிடைக்கும். பேக்கப் ஃபைல் உருவாக்கும் ஆப்ஷனை ஐடிஇயில் இயக்கி வைத்திருந்தால், முந்தைய சேமிப்பு ‘.பேக்’ ஃபைலாகப் பக்கத்திலேயே இருக்கும்.

ரைட் கேச்சை நிறுத்தினால் டெம்ப் ஃபைல்கள் எழுதும் வேகம் குறையும் என்பது உண்மை. டிஜேஜிபிபியில் இது நன்றாகத் தெரியும்; சிபிபி எழுதுவதை சிசி1 படிக்கிறது, சிசி1 எழுதுவதை ஏஎஸ் படிக்கிறது, எல்லாம் டிஸ்க் வழியாக. ‘-பைப்’ சுவிட்ச் போட்டாலும் டாஸில் பைப் என்பதே டெம்ப் ஃபைல்தான். இதற்குச் சரியான மருந்து, மெமரியில் ஒரு பகுதியை டிஸ்க் போலக் காட்டும் ரேம்டிரைவ். கான்ஃபிக்.சிஸ்ஸில் ரேம்டிரைவ்.சிஸ் வரியில் 1024, 512, 64 என்று மூன்று எண்களும் ‘/ஈ’ சுவிட்சும் கொடுத்தால் எக்ஸ்டெண்டட் மெமரியில் (முதல் 1 எம்பிக்கு மேலே உள்ளது) 1 எம்பி ரேம் டிஸ்க் கிடைக்கும். மூன்றாவது எண் ரூட் டைரக்டரியில் எத்தனை ஃபைல் இருக்கலாம் என்பது. 64 சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகவே அதற்குள் ஒரு சப்டைரக்டரி உருவாக்கி, டிஎம்பிடிஐஆர் மாறியை அதற்குத் திருப்புங்கள். டெம்ப் ஃபைல் தொலைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சோர்ஸ் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். பெரிய சி++ ஃபைலுக்கு 1 எம்பி போதாமல் ‘டிஸ்க் ஃபுல்’ என்று நின்றால் 2048 ஆக்குங்கள்.

மெமரிச் சண்டை

ஸ்மார்ட்டிரைவுக்கு அளவு சொல்லாவிட்டால், கணினியில் எக்ஸ்டெண்டட் மெமரி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத் தானே எடுத்துக்கொள்ளும். 1 எம்பி வரை இருந்தால் முழுவதும் அதற்கே. 2 எம்பி வரை என்றாலும் 4 எம்பி வரை என்றாலும் 1 எம்பி. அதற்கு மேல் 2 எம்பி. இந்தக் கணக்கு விண்டோஸை மனத்தில் வைத்துப் போட்டது. விண்டோஸ் 3.1 நுழைந்தால் ஸ்மார்ட்டிரைவ் தன் மெமரியில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கும்; வரியில் கொடுக்கும் இரண்டாவது எண் அதற்குத்தான். டாஸ் கம்பைலர் நுழைந்தால் ஒரு பைட் கூட விட்டுக்கொடுக்காது.

2 எம்பி கணினியில் விளைவு கடுமையானது. 640 கேபியும் மேலே உள்ள 384 கேபியும் போக, எக்ஸ்டெண்டட் மெமரி 1024 கேபிதான். அளவு சொல்லாமல் ஸ்மார்ட்டிரைவ் ஏறினால் அத்தனையும் போய்விடும். டர்போ சி++ 3.0 ஐடிஇ ப்ரொடெக்டட் மோடில் (1 எம்பிக்கு மேலுள்ள மெமரியைப் பயன்படுத்தும் பிராசசர் நிலை) ஓடுவது. எக்ஸ்டெண்டட் மெமரி இல்லாமல் அதனால் எழுந்திருக்க முடியாது. ‘நேற்றுவரை ஓடியது, டாஸை அப்கிரேடு செய்த பிறகு ஓடவில்லை’ என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இங்கேதான். வரியில் 256 என்று எண் போட்டால் பெரும்பாலும் தீரும். ரியல் மோடில் ஓடும் டர்போ சி 2.0 மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் முழுவதையும் கேச்சுக்கே கொடுத்துவிடலாம்.

அவர்களுக்குச் சிக்கல் கன்வென்ஷனல் மெமரி எனப்படும் முதல் 640 கேபியில் வரும். ஸ்மார்ட்டிரைவ் சுமார் 28 கேபி மெமரியில் உட்காரும். அப்பர் மெமரி (640 கேபிக்கும் 1 எம்பிக்கும் நடுவே உள்ளது) இருந்தால் தானாகவே அங்கே ஏறிக்கொள்ளும், ‘லோட்ஹை’ தேவையில்லை. அதைத் திறந்துவிடும் இஎம்எம்386 இல்லாமலோ, ‘டாஸ்=ஹை,யூஎம்பி’ வரி இல்லாமலோ இருந்தால் அந்த 28 கேபி கன்வென்ஷனல் மெமரியிலிருந்து போகும். பெரிய சோர்ஸைக் கம்பைல் செய்யும்போது ‘அவுட் ஆஃப் மெமரி’ வந்தால், ‘மெம் /சி /பி’ போட்டு ஸ்மார்ட்டிரைவ் எந்தப் பத்தியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

4 எம்பி கணினியில் டர்போ சி++ 3.0-க்கோ போர்லண்ட் சி++ 3.1-க்கோ 1024 நல்ல எண். டிஜேஜிபிபி என்றால் இறக்கி 256 அல்லது 512. இங்கே ஒரு சுற்றுவழி நஷ்டம் நடக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் எண்ணைத் தேர்ந்தெடுப்பது சுலபம். டிஜேஜிபிபி 2-ஆம் பதிப்போடு வரும் சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ (கம்பைலருக்கு மெமரி பிரித்துத் தரும் புரோகிராம்), மெமரி போதாவிட்டால் சி டிரைவில் ஒரு ஸ்வாப் ஃபைல் திறந்து பக்கங்களை அங்கே தள்ளும். அந்த ஸ்வாப் ஃபைலும் சாதாரண டாஸ் ஃபைல்தான்; அதைப் படிப்பதும் ஸ்மார்ட்டிரைவ் வழியாகவே நடக்கிறது. கம்பைலரிடமிருந்து பிடுங்கிய மெமரியில், கம்பைலர் வெளியே தள்ளிய பக்கங்களையே கேச் பத்திரப்படுத்தி வைத்திருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ப்ரொடெக்டட் மோடிலிருந்து இறங்கி டாஸைக் கூப்பிட்டுத் திரும்ப ஏற வேண்டும். நேரடியாக மெமரி கொடுத்திருந்தால் இது எதுவுமே தேவைப்படாது. வாட்காம் சி ஓட்டுபவர்கள், டாஸ்/4ஜிடபிள்யூவின் விர்ச்சுவல் மெமரியை இயக்கியிருந்தால் இதே நிலையைத்தான் பார்ப்பார்கள்.

எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க டிஜேஜிபிபியோடு வரும் ‘கோ32-வி2’ கட்டளையை எதுவும் சேர்க்காமல் ஓட்டுங்கள். டிபிஎம்ஐ மெமரி (ப்ரொடெக்டட் மோடு புரோகிராமுக்குக் கிடைப்பது) எவ்வளவு, ஸ்வாப் இடம் எவ்வளவு என்று இரண்டு வரி வரும். ஸ்மார்ட்டிரைவ் வரியை மாற்றி ரீபூட் செய்யும்போதெல்லாம் முதல் எண்ணைப் பாருங்கள்.

8 எம்பியில் 2048 எல்லாக் கம்பைலருக்கும் ஒத்துவரும். 16 எம்பியில் ஸ்மார்ட்டிரைவ் தானாக எடுப்பது அதே 2 எம்பிதான். 4096 என்று நாமே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் 2 எம்பி ரேம்டிரைவுக்கு இடம் இருக்கும்.

இன்னும் பழைய டாஸ் எக்ஸ்டெண்டர்கள் (டாஸ் புரோகிராமுக்கு எக்ஸ்டெண்டட் மெமரியைப் பிடித்துத் தருபவை) சில, ஹைமெம் தரும் எக்ஸ்எம்எஸ் வழியாகக் கேட்காமல், இன்டரப்ட் 15 வழியாக நேரடியாக மெமரியை விசாரிக்கும். ஹைமெம் ஏறிய பிறகு அந்த வழியில் ‘பூஜ்யம்’ என்றுதான் பதில் வரும். ஹைமெம்.சிஸ் வரியில் ‘/இன்ட்15=1088’ என்று கொடுத்தால் 1 எம்பி அதற்கென்று ஒதுங்கும்; தேவையைவிட 64 கேபி கூட்டிக் கொடுப்பது இதில் விதி. ஒதுக்கியது போக மிச்சத்தைத்தான் ஸ்மார்ட்டிரைவ் தொட முடியும்.

போர்லண்டின் டிபிஎம்ஐ சர்வர் எதிர்த் திசையில் பேராசை பிடித்தது. கேச் போக மிஞ்சியதை எல்லாம் எடுத்துக்கொண்டு, ஐடிஇயிலிருந்து ஷெல்லுக்கு வந்து இன்னொரு புரோகிராமை ஓட்டினால் அதற்கு எதுவும் இல்லாமல் செய்துவிடும். டிபிஎம்ஐமெம் மாறியில் ‘மேக்ஸ்மெம் 2000’ என்று வைத்தால் சுமார் 2 எம்பியோடு நிறுத்திக்கொள்ளும்.

எஸ்சிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள் கவனிக்க

ஐடிஇக்குப் பதில் எஸ்சிஎஸ்ஐ வகை டிஸ்க்கை இணைக்கும், அடாப்டெக் 1542 போன்ற பஸ் மாஸ்டர் கார்டு இருந்தால் இன்னொரு மோதல் உண்டு. இந்தக் கார்டுகள் பிராசசரைக் கேட்காமல் மெமரிக்குள் நேராக எழுதும். இஎம்எம்386 இயங்கும்போது புரோகிராமுக்குத் தெரியும் முகவரி ஒன்று, சிப்பில் உண்மையாக இருக்கும் முகவரி வேறு. கார்டுக்கு அந்த வேறுபாடு தெரியாவிட்டால் டேட்டாவைத் தப்பான இடத்தில் கொட்டிவிடும். பூட்டிலேயே தொங்கினால் பிழைத்தோம், காரணம் உடனே தெரிந்துவிடும். மோசமானது, படித்த ஆப்ஜெக்ட் ஃபைல் நடுவில் கெட்டு, டிலிங்க் நம் கோடைக் குறை சொல்வது. கான்ஃபிக்.சிஸ்ஸில் டிவைஸ் வரியாக ஸ்மார்ட்டிரைவை ‘/டபுள்_பஃபர்’ சுவிட்சோடு சேர்த்தால், கன்வென்ஷனல் மெமரியில் ஒரு நிலையான பஃபர் வழியாக டேட்டா போய்வரும். இந்த வரி கேச்சைத் தொடங்காது, ஆட்டோஎக்ஸெக்.பேட் வரி தனியாக வேண்டும். பிறகு அட்டவணையில் ‘பஃபரிங்’ பத்தியைப் பாருங்கள். ஒரு டிரைவுக்காவது ‘யெஸ்’ என்றால் வரி தேவை. எல்லாமே ‘நோ’ என்றால் எடுத்துவிடுங்கள், வேகத்தைத்தான் தின்னும். ‘-’ என்ற சின்னக் கோடு மட்டும் தெரிந்தால் இன்னும் தீர்மானிக்கவில்லை என்று பொருள். கொஞ்சம் டிஸ்க் வேலை கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். சாதாரண ஐடிஇ டிஸ்க்குக்கு இது தேவையே இல்லை.

மாற்று ஏதாவது உண்டா?

நாவல் டாஸ் 7-இன் என்டபிள்யூகேச், கேட்கும் புரோகிராமுக்குத் தன் மெமரியைக் கடன் கொடுக்கும். ஸ்மார்ட்டிரைவிடம் இல்லாத இந்தக் குணம் கம்பைலர் கணினிக்கு மிகப் பொருத்தம். அதன் ரைட் கேச்சையும் ‘/டிலே=ஆஃப்’ கொடுத்து நிறுத்தத்தான் வேண்டும். ஃப்ரீடாஸில் ஓட்டுபவர்களுக்கு எல்பிஏகேச் இருக்கிறது. எழுதுவதைத் தள்ளிப்போடும் பழக்கமே அதற்குக் கிடையாது என்பதால், மேலே சொன்ன ரைட் கேச் அபாயம் அங்கே இல்லை. நார்ட்டன் என்கேச்சும் வேகமானதுதான். எதை வைத்தாலும் ஒன்றை மட்டும் வையுங்கள். இரண்டு கேச் ஒரே டிரைவுக்கு இயங்கினால் ஒன்று வைத்திருக்கும் நகல் மற்றொன்றுக்குத் தெரியாது. டிஸ்க் கெடுவதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. டாஸ் 5-லிருந்து அப்கிரேடு செய்த கணினியில் கான்ஃபிக்.சிஸ்ஸில் பழைய ஸ்மார்ட்டிரைவ்.சிஸ் வரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் 3.1 நிறுவியிருந்தால் விண்டோஸ் டைரக்டரியில் ஒரு ஸ்மார்ட்டிரைவ், டாஸ் டைரக்டரியில் ஒரு ஸ்மார்ட்டிரைவ் என்று இரண்டு இருக்கும், ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் முழுப் பாதையோடு புதியதைக் குறிப்பிடுங்கள்.

விண்டோஸ் 95 இருக்கும் கணினியில் டாஸ் பெட்டிக்குள் கம்பைல் செய்பவருக்கு ஸ்மார்ட்டிரைவ் வேண்டாம், விண்டோஸே கேச் செய்கிறது. எம்எஸ்-டாஸ் மோடுக்கு வெளியேறிக் கம்பைல் செய்தால் மட்டும் தேவை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு மாட்டியிருப்பவர்களுக்கு லாபம் குறையும், ஏனென்றால் தலை நகரும் தாமதம் அங்கே இல்லை. அவர்கள் கேச்சைச் சிறிதாக வைத்து மெமரியைக் கம்பைலருக்குக் கொடுப்பது மேல்.

ஸ்மார்ட்டிரைவின் பெரிய குறை, ஒருமுறை ஏறினால் மெமரியை விட்டு இறக்க முடியாது, அளவையும் மாற்ற முடியாது என்பது. டர்போ சி++, டிஜேஜிபிபி இரண்டையும் 4 எம்பியில் ஓட்டுபவருக்கு இது உறுத்தும். டாஸ் 6-இன் பூட் மெனுவை வைத்துச் சமாளிக்கலாம். கான்ஃபிக்.சிஸ்ஸில் மெனு பகுதியில் ‘டிசி’, ‘டிஜே’ என்று இரண்டு மெனு ஐட்டம் வையுங்கள். இரண்டு பகுதிகளும் ஹைமெம், இஎம்எம்386 வரிகளைப் பொதுப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். இஎம்எம்386 வரியில் ‘நோவிசிபிஐ’ மட்டும் இருக்கக் கூடாது, டிஜேஜிபிபி ஏறாது. ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் ‘கோட்டூ %கான்ஃபிக்%’ என்று ஒரு வரி. டிசி லேபிளுக்குக் கீழே ஸ்மார்ட்டிரைவ் 1024 ‘/எக்ஸ்’ சேர்த்து. டிஜே லேபிளுக்குக் கீழே 256, அதே ‘/எக்ஸ்’ சேர்த்து. முதல் பகுதி முடிந்ததும் கடைசி லேபிளுக்குத் தாவும் வரியை மறந்துவிட்டால், கட்டளைகள் கீழ்ப் பகுதிக்குள்ளும் ஓடி, டிஜேஜிபிபிக்கான பாதைகளும் மாறிகளும் டர்போ சி++ அமைப்பின்மேல் வந்து விழும்.